கஃப்ர் தீனிலிருந்து ஒருத்தி

வரிசை நகரவில்லை. நகராத வரிசை நஜ்லாவுக்குப் புதிதல்ல, லெபனானில் பிறந்த யாருக்கும் புதிதல்ல, ரொட்டிக்கு நின்றிருக்கிறாள், மண்ணெண்ணெய்க்கு நின்றிருக்கிறாள், சண்டைக் காலத்தில் தப்பிப் போக ஒரு விசாவுக்காக நின்று மயங்கி விழுந்திருக்கிறாள், இப்போது எழுபதைத் தாண்டிய பிறகு மாண்ட்ரியலில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, விட்டு வந்த நாட்டுக்கு ஓட்டுப் போட நிற்கிறாள். விட்டு வந்த நாடு விட்டால்தானே. பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கால் புழுங்கியது. குளிர்காலத்து பூட்ஸ். மே மாதம் பிறந்துவிட்டது, வெளியே நல்ல வெயில், முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் லேசான செருப்புக்கு மாறிவிட்டார்கள், இவள்தான் மாறவில்லை, மாறினால் குளிர்காலம் முடிந்ததென்று ஒப்புக்கொண்டதாகிவிடும், முடிந்துவிட்டால் ஹலீமுக்கு ஒரு வழி சொல்லியாக வேண்டும். ஹலீம் ஜனவரியில் செத்துப்போனார், இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. அவரைக் கிடத்தியிருக்கும் கல்லறைத் தோட்டத்தில் குளிர்காலத்தில் குழி வெட்டுவதில்லை, தரை அப்படி இறுகிக் கிடக்கும், பெட்டிகளை ஒரு கல் கூடத்துக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டு மண் இளகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அடுக்குகிற இடம். யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள், தேன் ஒழுகப் பேசினாள், மேடம், மண் இளகிவிட்டது, இங்கேயே புதைப்பதா ஊருக்கு அனுப்புவதா, திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை என்றால் நாளை. சாகிறதுக்கு முன்னால் வாய் கோணிப்போன பிறகும் ஹலீம் தெளிவாகச் சொன்ன ஒரே சொல் ஊர், கஃப்ர் தீன், அத்தி மரத்து ஊர், அங்கே அவர் அம்மாவை வைத்த குடும்பக் கல்லறைக்குள் ஒரு மாடம் அவருக்கென்று காலியாக இருக்கிறது. அவள் கையைப் பிடித்து வாங்கிய சத்தியம் அது. பிடித்த பிடி இப்போதும் மணிக்கட்டில் இருக்கிறமாதிரித் தோன்றியது, பார்த்தால் கடிகாரப் பட்டை, இறுக்கிக் கட்டியிருக்கிறாள், தளர்த்தினாள், பிறகு ஏனோ மறுபடி இறுக்கினாள்.

செத்தவரை ஊருக்கு அனுப்ப ஊரிலிருந்து ஒரு சீட்டு வரவேண்டும், முக்தார் கையெழுத்துப் போட்ட சீட்டு. முக்தார் என்றால் ஊரில் பிறப்பு இறப்பு எழுதுகிறவர், ஆனால் எந்த முக்தாருக்கும் தன் கை தன்னுடையது இல்லை, கஃப்ர் தீன் முக்தாரின் கை ஷேக் நவ்ஃபலுடையது. அந்த மலையில் பெரிய வீட்டுக் கிறிஸ்தவர்களுக்கும் ஷேக் என்ற பட்டம் உண்டு, நவ்ஃபலின் தாத்தா ஷேக், அப்பா ஷேக், இவரும் ஷேக், மூன்று பேருமே அந்தத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்கள், மகன் இப்போது மீசை வளர்த்துக்கொண்டிருக்கிறான். கல்லறையின் சாவிகூட ஷேக்கின் ஆள் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. சீட்டு ஜனவரியில் கேட்டது. அதே ஜனவரியில்தான் மிர்னா, இவர்களுடைய ஒரே பெண், மாண்ட்ரியலில் வளர்ந்து வக்கீலுக்குப் படித்து, லெபனானில் தெருவெல்லாம் ஜனங்கள் ஆட்சிக்கு எதிராகக் கொடி பிடித்த அந்த இலையுதிர் காலத்தில் பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போய் அங்கேயே தங்கிவிட்ட மிர்னா, ஷேக்குக்கு எதிராக நிற்கிறேன் என்று அறிவித்தாள். சீட்டு தூங்கிவிட்டது. ஒருவரும் முடியாது என்று சொல்லவில்லை, சொல்கிற வழக்கம் அங்கே கிடையாது, முக்தாருக்குக் காய்ச்சல், முத்திரை பழுது, மழை, கரண்டு இல்லை. போன வாரம் நக்லே வந்தார். இந்த ஊரில் கஃப்ர் தீன் சங்கத்துக்குத் தலைவர், ஷேக்கின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு திறப்பார். ஒரு பெட்டி பக்லாவா, ஊர் இனிப்பு, அதை மேஜைமேல் வைத்து ஹலீமின் படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, மிர்னாவின் அம்மா என்று ஊர் வழக்கப்படி கூப்பிட்டு, "உம் மிர்னா, ஷேக் உங்க வீட்டுக்காரரை மறக்கல. பெட்டி பெய்ரூட்ல இறங்குறப்போ நானே நேர்ல நிப்பேன்னு சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், எல்லாம் தானா நடக்கும்" என்றார். ஓட்டு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து கூட்டிப்போகிறேன் என்றார், அவ்வளவுதான். அந்த பக்லாவாவை அவள் தொடவில்லை என்று சொன்னால் பொய், ஒன்று தின்றாள், நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு ஆத்திரம்.

நக்லே இப்போதும் வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஓட்டு வேறு பள்ளிக்கூடத்தில், லவாலில், சங்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் அங்கேதான், காலையிலேயே போட்டுவிட்டு வந்து கட்டைவிரல் மையைக் காட்டினார். இவள்தான் ஹலீம் போன பிறகு பெரிய வீட்டை விட்டுவிட்டு ஆற்றுக்கு இந்தப் பக்கம் சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிட்டாள். இருக்கட்டும், நக்லே உட்காரட்டும், அவள் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஓட்டு மிர்னாவுக்கு, வாய்வார்த்தை நக்லேக்கு. திரைக்குள் யார் பார்க்கப்போகிறார்கள், போட்டேன் ஷேக்குக்கே போட்டேன் என்று அன்னை மரியாள் மேல் சத்தியம் செய்தால் போயிற்று, அன்னை மரியாளுக்கும் ஒரு பிள்ளை இருந்தது, புரிந்துகொள்வாள். பெண்ணுக்கும் துரோகமில்லை, புருஷனும் வீடு சேருவார். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஏன் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை? மிர்னா போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "சீட்டை சட்டப்படி வாங்குறேம்மா, மனு போட்டிருக்கேன். அப்பாவுக்காக அவங்க வாசல்ல போய் நின்னுடாதே." சட்டப்படி. நாளைக்குள் பதில் சொல்லவேண்டும் என்று மிர்னாவுக்குத் தெரியாது, பக்லாவா தெரியாது, நஜ்லா சொல்லவில்லை, தேர்தல் வேலையில் ஓடுகிற பெண்ணிடம் அப்பாவின் பெட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது. ஒரு மேடையில் மிர்னா பேசியதை யாரோ அனுப்ப, போனில் பார்த்தாள். பிறந்தால் அவங்க வாசல், செத்தால் அவங்க வாசல், நடுவுல வாழுறதுக்காவது நமக்கு ஒரு வாசல் வேணாமா என்று கேட்டாள் மிர்னா, கனடாவில் வளர்ந்த பிள்ளையின் அந்த உடைந்த அரபியில், ஜனங்கள் கை தட்டினார்கள். கொஞ்சம் பேர்தான். நாற்காலிகள் காலியாக இருந்ததை அம்மாவின் கண் எண்ணாமல் விடுமா. சொந்த ஊரில் அவளுக்கு ஒரு ஓட்டுகூட விழாது என்று ஷேக்கின் ஆட்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்களாம், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பில் ஒரு கீறல் இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து பிறந்தநாள் விருந்துக்கு யாரும் வராத அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தாள், கேக்கை மூன்று பேருமாகத் தின்றார்கள், ஹலீம் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு ஆடினார், பாவம் ஹலீம், இப்போது அந்தக் கூடத்தில், தலையில் ஒன்றுமில்லாமல், குளிரில்.

"நீங்க எந்த ஊர்?" பின்னால் நின்றவள் கேட்டாள், ஜோர்ஜெத்தாம், தலைக்குச் சாயம், கையில் விசிறி. கஃப்ர் தீன் என்றதும், "அடடே, எங்களுக்கு அடுத்த மலைதானே" என்று தோளைத் தொட்டாள். அப்புறம் அவளுக்கு வாய் ஓயவில்லை. "போன தடவை இந்தப் பெட்டியில எங்க ஊர்லேர்ந்து நானும் எங்க வீட்டுக்காரரும் மட்டும்தான். ரெண்டே பேரு. எண்ணி வெளியே விட்டாங்க பாருங்க, ஊர் ஊரா, பெட்டி பெட்டியா. மாண்ட்ரியல், இந்தப் பள்ளிக்கூடம், எங்க ஊரு, இவருக்கு ஒண்ணு அவருக்கு ஒண்ணு. யாரு போட்டதுன்னு ஊரெல்லாம் கேள்வி. எங்க வீட்டுக்காரர் என் தலைல சத்தியம் பண்ணி எதிராளிக்குப் போட்டது நான்தான்னு மாட்டிவிட்டுட்டார், கடங்காரன்." சொல்லிவிட்டு ஜோர்ஜெத் சிரித்தாள், நஜ்லாவும் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகுதான் திரும்பக் கேட்டாள். ஊர் ஊராகவா? ஆமாம், ஊர் ஊராக. சுவரில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்க்கப் போனாள், இடத்தைப் பார்த்துக்கொள் என்று ஜோர்ஜெத்திடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை மூக்கில் தள்ளி, கஃப்ர் தீன் என்ற தலைப்புக்குக் கீழே தேடினாள். தேட ஒன்றுமில்லை. ஒரு பெயர்தான் இருந்தது, அவளுடையது. திரும்பி வந்து நின்றாள். வரிசை இப்போது நகர்ந்தது, அவள் வேண்டாம் என்று நினைக்கும்போது நகர்ந்தது. அப்படியானால் திரை எதற்கு, மறைவு எதற்கு, ஒரே ஒருத்தி போடுகிற பெட்டியில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது. மிர்னாவுக்குப் போட்டால் ஷேக்குக்குத் தெரியும், நக்லேக்குத் தெரியும், சீட்டு இனிமேல் எழுந்திருக்காது, ஹலீமை இந்த ஊர் மண்ணில், பக்கத்தில் யார் என்றே தெரியாதவர்களுக்கு நடுவில் வைக்கவேண்டும், செய்த சத்தியம் என்ன ஆவது. ஷேக்குக்குப் போட்டால் மிர்னாவுக்குத் தெரியும். ஊரில் உறவுகூட போடாமல் போகலாம், பயந்த ஜனங்கள், அவளுக்கு அது பழகிவிட்டது, ஆனால் மாண்ட்ரியல், இந்தப் பள்ளிக்கூடம், கஃப்ர் தீன், ஒருத்தி, அந்த ஒருத்தி பெற்றவள். செத்தவருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள், நினைத்த உடனே ஹலீமிடம் மன்னிப்புக் கேட்டாள். உயிரோடு இருக்கிறவள் மன்னிப்பாள் என்று நினைத்தாள், நினைத்த உடனே மிர்னாவின் அந்தச் சிரிப்பு கேட்டது. போகாமலே திரும்பிவிடலாமா? வாசலில் நக்லே. உடம்பு சரியில்லை என்று விழுந்துவிடலாமா? விழுந்தாலும் தூக்கிக்கொண்டு போய்ப் போடவைப்பார்கள், இந்த ஜனங்களை அவளுக்குத் தெரியாதா.

ஹலீம் இருந்தால் ஒரு வழி சொல்வார். ஹலீம் எல்லாத் தேர்தலுக்கும் ஒரு வழி வைத்திருந்தார். அந்தக் கடைசித் தடவை, அவள் ஓட்டுப் போட்ட கடைசித் தடவை, மிர்னா கல்லூரியில் இருந்தாள், ஷேக் விமான டிக்கெட் அனுப்பினார், வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போங்கள் என்று. ஒரு விமானம் முழுக்க கனடாக்காரர்கள், பறக்கும்போதே கைகோத்துத் தப்கே நடனம் ஆடி, பணிப்பெண் உட்காருங்கள் உட்காருங்கள் என்று அழாத குறை. தூக்கம் கெட்ட கண்ணோடு ஊரில் இறங்கி, இருபது வருஷமாகப் பார்க்காத தெருவில், ஊரில் இருக்கிறவர்களுக்கு யார் மந்திரி என்று இவர்கள் முடிவு செய்துவிட்டு, மூன்றாம் நாள் திரும்பினார்கள். அது சரியா என்று அப்போது தோன்றவே இல்லை. ஊருக்கு நல்லது செய்வதாகத்தான் இருந்தது. அப்போதெல்லாம் அவரவர் ஆட்கள் அச்சடித்துக் கொடுக்கிற பட்டியல்தான் ஓட்டுச் சீட்டு, ஷேக்கின் பட்டியலில் எங்கிருந்தோ வந்த பணக்காரன் ஒருவன் பெயர் இருந்தது, ஹலீமுக்குப் பிடிக்கவில்லை, சாவடி வாசலில் பேனாவை எடுத்து அந்தப் பெயரை ஒரே கோடாக அடித்தார், எதிர்ப் பட்டியலில் நின்ற தன் சித்தப்பா மகன் பெயரை மேலே எழுதினார். அவளுக்கும் அப்படியே செய்து கொடுத்தார். "தாள் ஷேக்கோடது, பேரு நம்மளோடது. யாருக்கும் மனசு நோகாது, பாத்துக்கோ" என்று கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்புக்குத்தானே அவள் கழுத்தை நீட்டினாள். அதற்கப்புறம் வந்த தேர்தல்களில் அவர் படுக்கையில், அவள் படுக்கைக்குப் பக்கத்தில், ஓட்டுக்கு எங்கே போனாள். தாள் ஷேக்கோடது. பேரு நம்மளோடது. நஜ்லா நின்ற இடத்தில் நிமிர்ந்தாள். அட. இவ்வளவு நேரம் இது ஏன் தோன்றவில்லை. பட்டியல் ஷேக்குடையது, பெயர் மிர்னாவுடையது. ஷேக் எண்ணும்போது தன் பட்டியலுக்கு ஒன்று என்று பார்ப்பார், மிர்னா எண்ணும்போது தன் பெயருக்கு ஒன்று என்று பார்ப்பாள். இரண்டு பேருக்கும் பாதிப் பாதி, இரண்டு பேர் வாயிலும் சீனி. கல் கூடத்துக்குள் கிடந்துகொண்டே ஹலீம் வழி சொல்லிவிட்டார் என்று தோன்றி, சத்தம் வராமல் அழுகை வந்தது, நல்ல அழுகைதான், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள்.

அறைக்குள் மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பெயரைச் சத்தமாகப் படித்தார், ஊரையும். பக்கத்தில் இருந்த இளைஞன், "கஃப்ர் தீன்லேர்ந்து இவங்க ஒருத்தர்தான் சார்" என்றான். "எப்படிப் போடணும்னு தெரியுமாம்மா?" என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றாள். நாற்பது வருஷமாக லெபனானைப் பற்றி இந்த ஊரில் யார் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்லி வந்திருக்கிறாள். திரைக்குப் பின்னால் தாளை விரித்தாள். எவ்வளவு பெரிய தாள், எல்லாப் பட்டியலும் ஒரே தாளில், பெயருக்குப் பக்கத்தில் படம், முன்பெல்லாம் இப்படி இல்லை, வெறும் சீட்டுத்தான். ஷேக் நவ்ஃபல் முதல் பட்டியலின் தலையில் இருந்தார், இளமையில் எடுத்த படம். மிர்னா மூன்றாவது பட்டியலில், கீழே. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தாள், இடது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, வாய் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. தபால்தலை அளவு முகம். அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். நீதான் என்னைப் புதைக்கணும் என்று உதடு தானாகச் சொல்லிற்று, அவர்கள் மலையில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற சொல் அது, உனக்குப் பின்னால் நான் இருக்கக்கூடாது என்று அர்த்தம், காலையில் எழுப்பும்போதும் சொல்வார்கள், சோறு ஊட்டும்போதும் சொல்வார்கள். ஷேக்கின் பட்டியலுக்கு மேலே இருந்த வட்டத்தில் ஒரு டிக் போட்டாள். மிர்னாவின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டாள், இது கொஞ்சம் அழுத்தமாக. மடித்து உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட்டபோது அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது. கட்டைவிரலை மையில் முக்கச் சொன்னார்கள். முக்கினாள். குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் குளிர்காலம் முழுவதிலும் அவள் இவ்வளவு லேசாக நடந்ததில்லை.

நடைவழியில் மிர்னாவின் கட்சிச் சட்டை போட்ட ஒரு பெண், படிக்கிற பெண்ணாக இருக்கவேண்டும், மாதிரித் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து ஒரு கிழவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நஜ்லா அவளிடம் நான் யார் தெரியுமா என்று சொல்லத்தான் பக்கத்தில் போனாள். "ஒரு பட்டியலுக்கு டிக், அதே பட்டியல்ல ஒருத்தருக்கு டிக். அவ்வளவுதான் பெரியவரே. வேற பட்டியல்ல இருக்கற ஆளைத் தொட்டீங்கன்னா மொத்தத் தாளும் செல்லாது." கிழவர் மல்லுக்கு நின்றார், அடிச்சு எழுதுவோமே, கலந்து போடுவோமே. "அதெல்லாம் பழைய சட்டம். அது போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. உங்கள மாதிரி வெளியூர்க்காரங்க நிறையப் பேர் இன்னும் அப்படியே போட்டுட்டுப் போறாங்க, பாவம்." நஜ்லா கேட்டாள், "செல்லாதுன்னா? யாருக்குமேவா?" "யாருக்கும் இல்ல, அம்மா. செல்லாத ஓட்டுன்னு தனியா எழுதிடுவாங்க." அம்மா என்றாள் அந்தப் பெண், யாரோ ஒரு வயதானவளைச் சொல்கிற மாதிரி, நஜ்லா தான் யார் என்று சொல்லவில்லை. திரும்பி அறை வாசலுக்குப் போனாள். பெட்டி அங்கேதான் இருந்தது, கண்ணாடிப் பெட்டி, உள்ளே உறைகள், எல்லாம் ஒரே மாதிரி. ஒரு உறையைத் திருப்பிக் கொடுங்கள், நான் தப்பாகப் போட்டுவிட்டேன், எனக்கு ஒரே ஒரு பெண், ஒரே ஒரு புருஷன், கொடுங்கள் என்று கேட்டால் கொடுப்பார்களா. வாசலில் நின்ற போலீஸ்காரன் என்ன என்பதுபோலப் பார்த்தான். அவள் மையைக் காட்டினாள். போட்டாச்சு என்று அவன் தலையாட்டினான். மாண்ட்ரியல், இந்தப் பள்ளிக்கூடம், கஃப்ர் தீன், ஷேக்குக்கு ஒன்றுமில்லை, மிர்னாவுக்கு ஒன்றுமில்லை, செல்லாதது ஒன்று. ஹலீம், எந்தக் காலத்து வழியைச் சொல்லிக் கொடுத்தீர்கள் எனக்கு. அந்த நாடு இப்போது இல்லையாமே. நாம் இங்கே உட்கார்ந்து பேசிப் பேசிச் சண்டை போட்ட நாடு, கொடி வாங்கி மாட்டின நாடு, அதன் சட்டத்தை நம்மிடம் சொல்லாமலே மாற்றிவிட்டார்களாம். சொல்லவில்லையா, நாம்தான் கேட்கவில்லையா. பூட்ஸுக்குள் கால் எரிந்தது. நடைவழியில் கிழவர் இன்னும் பழைய சட்டத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தார்.

நக்லே கார்க் கதவைத் திறந்துவிட்டார். கட்டைவிரலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது, அதைத் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார். "ஷேக்கிட்ட சொல்லிடுறேன், உம் மிர்னா. ஹலீம் சந்தோஷப்படுவார்." வண்டி நகர்ந்தது. ஓட்டு செல்லாமல் போனதைச் சொல்லிவிடலாமா, இப்போதே, ஷேக்கின் இந்த வாயிடமே, என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போது பைக்குள் போன் அடித்தது. அங்கே இப்போது சாயங்காலம். மிர்னாவின் பின்னால் ஜெனரேட்டர் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், நாற்காலி இழுக்கிறார்கள். "அம்மா, போட்டுட்டியா?" "போட்டேன், கண்ணே." "உன் பெட்டியில நம்ம ஊர்லேர்ந்து நீ ஒருத்திதான்னு இப்பதாம்மா சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா எல்லார்கிட்டயும்? ஊர்ல சைபர் வாங்கினாலும் பரவால்ல, மாண்ட்ரியல்ல ஒண்ணு நிச்சயம், அதை யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த ஞாயிறு எண்ணுறப்போ அந்தப் பெட்டிக்குப் பக்கத்துலதான் நிப்பேன். வேற எதையும் பாக்க மாட்டேன்." நஜ்லா மைபட்ட விரலைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டாள், போனில் தெரியப்போவதுபோல. எப்போதும் சொல்வது ஒன்றுதான் இருந்தது. "நீதான் என்னைப் புதைக்கணும், கண்ணே" என்றாள். மிர்னா சிரித்தாள், கீறல் இல்லாத சிரிப்பு, இந்த வருஷத்தில் முதல் தடவை. "உன்னைப் புதைக்கிறதை அப்புறம் பாக்கலாம்மா," என்றாள். "முதல்ல அப்பா வரட்டும்."